மாடி அறையைத் திறந்து விடுங்கள்

நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான்காவது தெருவில் 19 வருடமாகக் குடியிருக்கிறேன். போன மாதப் பொதுக்குழுவில், படிப்பகத்து மாடி அறையை ஞாயிறு மாலை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்குத் தர முடியாது என்று தீர்மானம் போட்டீர்கள். "பொம்பளைப் பிள்ளைங்க டியூஷனுக்கு வர்ற இடத்துல குடிகாரங்களைக் கூட்டி வைக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேசியிருக்க வேண்டும், தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் யார் என்று சொல்ல மாட்டேன். அது அவரவர் சொல்ல வேண்டியது.

உங்களில் பலருக்கு அவரைப் பழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு வீட்டுப் பாட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். அன்றைக்கும் அவர் குடித்திருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வருடங்களில் காலைக் காபியை அவரால் கையில் வாங்க முடியாது. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் குனிந்து, டம்ளரைத் தொடாமல், வாயை வைத்து உறிஞ்சுவார். ஆட்டம் அடங்கக் காலையிலேயே ஒரு கட்டிங் உள்ளே போக வேண்டும். அதற்கப்புறம்தான் சட்டைப் பொத்தான் போட முடியும், மறைமலை நகர் பஸ் ஏற முடியும். இதை ஆசை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு அது ஆசையாகத் தெரியவில்லை.

2018 கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். நான் அழுதேன், சந்தோஷத்தில். விடியற்காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தார், ஒரு சொட்டு குடிக்கவில்லை. மறுநாள் இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வலிப்பு வந்து சாய்ந்துவிட்டார். கருப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வாயில் நுரை. தெருவில் "சாமி குத்தம்" என்றார்கள். மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்று விவாதித்தார்கள்.

மருத்துவர் சொன்னது வேறு. சாராயம் மூளைக்குப் பிரேக் மாதிரி. பல வருடம் பிரேக்கை அழுத்தியே ஓட்டினால், மூளை அதை ஈடுகட்ட ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பழகிவிடும். திடீரென்று ஒருநாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி என்ன ஆகும்? கடைசியாகக் குடித்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கும் மேலே இரண்டு மூன்று நாளில் பிதற்றல் வரும், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரியும், உயிரே போகலாம். அளவுக்கு மீறிக் குடித்துப் பழகியவர் மருத்துவர் துணையில்லாமல் சட்டென நிறுத்தக் கூடாது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த மாலையை நானே எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேன். முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருப்பேன். அவருடைய சத்தியம் பொய்யில்லை. அவர் வாக்கைக் காப்பாற்றியதால்தான் வலிப்பே வந்தது.

அதற்கு முன்னால் நானும் ஒரு தப்பு செய்தேன். ரயில்வே கேட் சுவரில் ஒட்டியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த" என்று, அந்தப் பொடியை வாங்கி ரசத்தில் கலந்தேன். அன்று குடித்துவிட்டு வந்தவருக்கு முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, விடிய விடிய வாந்தி. அதில் டைசல்ஃபிரம் என்ற, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து கலந்திருக்கலாம், இதயம் நின்றிருக்கும் அம்மா என்று மருத்துவர் திட்டினார். அது நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, கண்காணித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. நம் நகரில் யார் வீட்டிலாவது அந்தப் பொடி இருந்தால், தயவு செய்து தூக்கிப் போடுங்கள்.

மருத்துவமனையில் பத்து நாளில் உடம்பு தெளிந்துவிட்டது. தெளிந்த உடம்பை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. இரண்டு முறை சறுக்கினார். ஒவ்வொரு முறையும் நான் எல்லாம் முடிந்தது என்று பெட்டி கட்டினேன். சர்க்கரை நோய்க்காரருக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் யாரும் வைத்தியத்தை விடுவதில்லை, இதுவும் அப்படித்தான் என்று புரிந்துகொள்ள எனக்கே நாளாயிற்று. கடைசியில் அவரைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கூட்டம். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் தொட்டதில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1935-இல் அமெரிக்காவில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசப் போய்த் தொடங்கியது இது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, சாதி மதக் கேள்வி கிடையாது. நாற்காலி போட்டு உட்காருவார்கள், ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள், டீ குடிப்பார்கள், ஒன்றரை மணி நேரத்தில் கலைவார்கள். வெளியார் பணம் வாங்குவதில்லை. அறையை நீங்கள் இலவசமாகக் கொடுத்தால்கூட வாடகை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அது அவர்கள் வழக்கம்.

அங்கே யாரும் ஆயுசுக்கும் சத்தியம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். விடிந்தால் அந்த வாக்கு தீர்ந்துவிடும், புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் தினம் காலையில் பல் தேய்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறார். பொதுக்குழுவில் அந்தப் பழமொழியைச் சொன்னவருக்கு இதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சரி, அதற்கு ஏன் நம் படிப்பகம்? இப்போது அவர் மின்சார ரயில் ஏறி நகரத்துக்குள் போய் வருகிறார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் நேர் வழியில் டாஸ்மாக் இருக்கிறது, மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. அவர் ஏரிக்கரை சுற்றி வருகிறார், கூட இருபது நிமிடம். ஆறு வருடம் தாண்டியவருக்கு இது முடியும். நேற்று விட்டவருக்கு? ஞாயிறு மாலைதான் வேலையும் இல்லாமல் துணையும் இல்லாமல் கைகால் பரபரக்கும் நேரம். கடை நடக்கும் தூரத்தில் இருக்கும்போது கூட்டம் ரயில் தூரத்தில் இருக்கிறது.

ஏரிக்கரையில் ஊசிகள் கிடந்தபோது நீங்கள் கேமரா வைத்தீர்கள். நல்லது. ஆனால் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொள்ளும் பையனுடைய அம்மா நாளைக்கு யாரிடம் போவார்? சிகிச்சைக்குத் தானாக முன்வருகிறவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியிருந்தாலும், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி இருக்கிறது. 14446 என்று மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது. இரண்டையும் நம் அறிவிப்புப் பலகையில் நான் பார்த்ததில்லை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், குடிநோய்க்கு ஆளானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேர் வீட்டிலும் டம்ளர் மேசைமேல்தான் இருக்கும், கதவு சாத்தியிருக்கும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய குடிநோய் சிகிச்சை மையம் எத்தனையோ குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தது. நான் கேட்பது ஒரு மாடி அறை.

போன புத்தாண்டு விழா முடிந்த காலையில் அதே மாடியில் பாட்டில்களைக் கூட்டி அள்ளியவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை. குடிப்பவர்களுக்குக் கொடுத்த இடத்தை, குடியை விட்டவர்களுக்குக் கொடுக்க மறுப்பது எனக்கு வலிக்கிறது.

ஏ.ஏ.வில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும் ஓபன் மீட்டிங் உண்டு. வரும் ஞாயிறு அப்படி ஒன்று நடக்கிறது. முடிவை மாற்றும் முன் செயற்குழுவில் இரண்டு பேராவது எங்களோடு வாருங்கள். நாலரை மணி ரயிலுக்கு, தாம்பரம் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நானும் அவரும் நிற்போம். உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
நான்காவது தெரு உறுப்பினர்