யாரும் தேர்ந்தெடுக்காத செயலாளர் எழுதுகிறேன்: கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் வேதியியல் மூன்றாமாண்டு, ஷிப்ட் 1. நம் கல்லூரியின் மாணவர் பேரவைச் செயலாளரும் நான்தான். இதைச் சொன்னால் என் வகுப்பிலேயே பாதிப் பேர் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் செமஸ்டரில் ஒரு நாள் காலை பத்தரை மணி வரைக்கும் எனக்கே தெரியாது.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) குழு வருவதற்கு நான்கு நாள் இருந்தது. லேபில் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தவளைத் துறைத் தலைவர் கூப்பிட்டு, "நீதாம்மா செகரட்டரி. அன்னிக்குப் பட்டுப்புடவை கட்டிட்டு வந்துடு" என்றார். ஏன் நான் என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா நீதான ஃபர்ஸ்ட்" என்றார். மதியம் அலுவலகத்தை ஒட்டிய அறையில் ஒரு நீள நோட்டை நீட்டினார்கள். அந்தக் கல்வியாண்டில் நடந்ததாக நான்கு பேரவைக் கூட்டங்கள் அதில் இருந்தன. தேதி, தீர்மானம், வந்தவர்கள் பெயர் எல்லாமே முத்து முத்தான கையெழுத்தில். "நீலத்துல ரெண்டு, கறுப்புல ரெண்டு போடு கண்ணு. ஒரே பேனான்னா பார்த்ததும் தெரிஞ்சுடும்" என்றார் அங்கிருந்த அண்ணன். போட்டேன். மூன்றாவது கூட்டத்தின் இரண்டாம் தீர்மானம் மட்டும் கண்ணில் பட்டது: 'மாணவிகளின் போக்குவரத்து வசதி குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது.'

அதை அன்று சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டேன். குழுவுக்குச் சந்தனமும் கல்கண்டும் நீட்டினேன், படம் எடுத்தார்கள், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

டிசம்பரில் வரலாற்றுத் துறை ஷிப்ட் 2 பையன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். கையில் அறுபத்தெட்டு கையெழுத்துகளோடு ஒரு மனு. ஷிப்ட் 2 வகுப்பு மாலை ஆறுக்கு முடிகிறது. மலையடிவார ஊர்களுக்குப் போகிற டவுன் பஸ் 5.50-க்குப் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அதை விட்டால் 7.30 வண்டிதான். இறங்கி இருட்டில் தோட்டத்துப் பாதையில் நடக்க வேண்டும். அதனால் அந்தப் பெண்கள் கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். நம் கல்லூரிக் கணக்கில் கடைசி மணி நேரம் போனால் அரை நாள் வருகை போச்சு. 75 சதவீதம் தொடாமல் போய், தேர்வெழுத விடுவதற்கான காண்டோனேஷன் கட்டணம் கட்டியவர்கள் அதில் எத்தனையோ பேர். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். அந்த இலவச பஸ்ஸைப் பிடிக்க அபராதம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

அவன் டெப்போவுக்கு மூன்று முறை நடந்திருக்கிறான். டைம் கீப்பர் கிளை மேலாளரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கிளை மேலாளர் "காலேஜ்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க தம்பி" என்றிருக்கிறார். நம் அலுவலகத்தில் "பேரவைச் செயலாளர் கையெழுத்து இருந்தாத்தான் மேடத்துக்கிட்ட வைக்க முடியும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

"நீங்கதான் செகரட்டரியாமே? ஒரு கையெழுத்து வேணுங்க" என்றான்.

நான் துறைத் தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். "உனக்கெதுக்கும்மா இதெல்லாம், இன்டர்னல் போடற நேரம்" என்றார். அவர் மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எங்களுக்கு ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் 25 மதிப்பெண். அதை யார் போடுகிறார்களோ அவர்களே என்னைச் செயலாளராகவும் போட்டவர்கள். அந்தப் பையன் கேட்ட கையெழுத்தை நான் பதினொரு நாள் போடவில்லை. நடக்காத கூட்டங்களுக்கு இரண்டு நிறத்தில் போட எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். யாராவது எடுத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்வது நல்லது.

அவன் காத்திருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டான். பொங்கல் முடிந்து கல்லூரி திறந்தபோது அந்த பஸ் 6.15-க்குக் கிளம்பியது. பெண்கள் அவனைக் கிண்டலாக 'எம்.எல்.ஏ. அண்ணா' என்கிறார்கள். கேண்டீனில் டீக்குக் காசு வாங்குவதில்லை என்றும் கேள்வி; அது உண்மையா தெரியாது.

அம்மா, ஷிப்ட் 1-இல் படிக்கிற நான் ஒன்றே காலுக்கு வீட்டுக்குக் கிளம்புகிறவள். ஷிப்ட் 2 மாணவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஓட்டுக் கேட்கவாவது ஒரு நாள் மதியம் அந்த வகுப்புகளுக்குள் போயிருப்பேன். பஸ் விஷயம் அன்றே காதில் விழுந்திருக்கும். நான் கேட்பது இதுதான்: அடுத்த கல்வியாண்டில் மாணவர் பேரவைக்குத் தேர்தல் நடத்துங்கள்.

இது புரட்சிக் கோரிக்கை இல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு கல்லூரித் தேர்தல்கள் பற்றிக் கொடுத்த அறிக்கையை, 2006 செப்டம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் நியமனம் செய்துகொள்ளலாம், ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான், ஐந்து ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்கிறது அந்த அறிக்கை. வெறும் மதிப்பெண்ணை வைத்து நியமிப்பது சரியில்லை என்றும் சொல்கிறது. கணக்குப் பார்த்தால் 2011-இல் முடிந்திருக்க வேண்டிய வேலை. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு.

செலவாகுமே என்றால், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது. கையால் எழுதியதை ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். ஒலிபெருக்கியும் வாகனமும் கூடாது. பிரசாரத்துக்கு விலங்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கிறது. எந்த ஊரில் யார் எதை ஓட்டிக்கொண்டு வந்து அந்த வரியை எழுத வைத்தார்களோ! வேட்புமனுவில் இருந்து முடிவு வரை எல்லாம் பத்து நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். ஆக, வகுப்பு கெடாது. கட்சிகளுக்கும் இதில் இடம் கிடையாது.

அந்த விதிகளில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அரியர் இருக்கிறவர் நிற்கக் கூடாதாம். பஸ்ஸை மாற்றிய பையனுக்கு இரண்டு அரியர். நான் தாராளமாக நிற்கலாம், அவன் நிற்க முடியாது. மதிப்பெண்ணைப் பார்க்காதே என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் மார்க் ஷீட்டைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அவன் நிற்காவிட்டாலும் ஓட்டாவது போடுவான்.

"எலெக்‌ஷன் வெச்சா அடிதடிதாம்மா" என்று நேரில் வந்தபோது சொன்னீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கல்லூரிகளில் வருடாவருடம் தேர்தல்; என் அத்தை பெண் பாலக்காட்டில் படிக்கிறாள், தேர்தல் சமயத்தில் கோஷம் போட்டே தொண்டை கட்டிப் போய்விடும். அங்கே எல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் மாணவர் அரசியல் மோதலில் ஒருவரைக் குத்தியே கொன்றார்கள்.

ஆனால் சென்னையைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பஸ் ரூட்டிலும் மாணவர்களுக்குத் தலைவனாக இருக்கிற 'ரூட் தல'யை எந்த வாக்குப்பெட்டியும் தேர்ந்தெடுக்கவில்லை. மாணவர்கள் பஸ்ஸில் ஆடிப்பாடிக் கொண்டாடுகிற 'பஸ் டே'க்குத் தடை இருந்தும் 2019 ஜூனில் ஓடுகிற பஸ்ஸின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்ததை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் இரண்டு கல்லூரிகளின் மாணவர்களுக்கு இடையிலான பகையில், சென்னை சென்ட்ரலில் தாக்கப்பட்ட ஒரு மாணவர் சில நாளில் இறந்துபோனார். பையன்களுக்குத் தலைவன் என்று ஒருவன் எப்படியும் வேண்டியிருக்கிறது. நீங்கள் மேடை போடாவிட்டால் அவன் பஸ் கூரையில் ஏறிக்கொள்கிறான்.

சாதி வந்துவிடும் என்பது அடுத்த பயம். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, "ஊர் நிலவரம் உனக்குத் தெரியாதா" என்று நிறுத்திக்கொண்டீர்கள். தெரியும் அம்மா. எந்தத் துறையில் எந்தக் கலர் சாதிக் கயிறு என்பது முதலாண்டுப் பிள்ளைக்கும் தெரியும். விடுதியில் எந்த வாட்ஸாப் குழுவில் யார் யார் என்பதும் தெரியும். தேர்தல் வைத்தால் அது கொஞ்சம் கூடலாம், மறுக்க முடியாது. ஆனால் நாலு வகுப்பு ஓட்டு வேண்டுமென்றால் தன் குழுவை விட்டு வெளியே வந்து பேசித்தான் ஆக வேண்டும். கயிறு கட்டியவனுக்கு இப்போது அந்தத் தேவையே இல்லை.

மாணவர் அரசியலே நமக்கு ஆகாது என்று தமிழ்நாட்டில் உட்கார்ந்து பேசுவதுதான் எனக்கு வேடிக்கை. 1965-இல் இந்தி எதிர்ப்பை முன்னால் நின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். இரண்டு வருடம் கழித்து விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். காமராஜரைத் தோற்கடித்தது நல்லதா என்று என் தாத்தா சாகும் வரை சண்டை போட்டார், அது வேறு கதை.

நம் கல்லூரியில் நான் கண்ட ஒரே தேர்தலையும் சொல்லிவிடுகிறேன். ஃபேர்வெல் நாளுக்கு என்ன கலர் புடவை, சட்டை என்று வகுப்புக் குழுவில் வாக்கெடுப்பு வைத்தோம். ஆறாம் செமஸ்டரில் பிராஜெக்ட், ரெக்கார்டு, குரூப் 4 கோச்சிங், இடையில் பெண் பார்க்க வருகிறவர்கள் என்று மூச்சு விட நேரமில்லை. இருந்தும் 47 பேரில் 43 பேர் ஓட்டுப் போட்டார்கள். மெரூனுக்கு 23, மயில் நீலத்துக்கு 20. தோற்ற கட்சியில் நானும் ஒருத்தி. ஒரு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுநாள் எல்லோரும் சேர்ந்து துணி எடுக்கப் போனோம்.

இடம் இல்லை, ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2024 ஏப்ரல் 19-இல் என் முதல் ஓட்டைப் போட்டேன். அந்த ஓட்டு இருந்த இயந்திரம் அன்று இரவே நம் கல்லூரிக்குத்தான் வந்தது. எங்கள் லேப் கட்டடத்தின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, கேமரா மாட்டி, கதவுக்குச் சீல் வைத்தார்கள். அதற்காக எங்கள் செய்முறைத் தேர்வை முன்கூட்டியே நடத்தி முடித்தீர்கள். ஜூன் 4 வரை துப்பாக்கியோடு காவல். கட்சி ஏஜென்டுகள் வேப்பமரத்தடிப் பந்தலில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். எண்ணிக்கை அன்று நம் பேராசிரியர்களே மேசையில் உட்கார்ந்து எண்ணினார்கள். அத்தனை லட்சம் ஓட்டை ஒரு கீறல் இல்லாமல் பார்த்துக்கொண்ட கல்லூரி இது. சில ஆயிரம் மாணவர்களின் காகிதச் சீட்டை ஒரு மத்தியானத்தில் எண்ண முடியாதா?

கல்லூரி திறந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல் என்கிறது லிங்டோ குழு. அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன். பி.எட். கிடைத்தால் அதில் இருப்பேன், இல்லாவிட்டால் திருப்பூரில் ஏதாவது டையிங் யூனிட் லேபில். அதனால் இதில் எனக்கு லாபம் எதுவும் இல்லை. இரண்டு ஷிப்டுக்கும் தனித்தனியாக ஒரு செயலாளர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற விதிகளை நீங்களும் பேராசிரியர்களும் பேசி முடிவு செய்யலாம்.

பிப்ரவரியில் இதையே மனுவாக எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு "உள்ளுக்குள்ளயே எதுக்கும்மா ரசீது" என்றார்கள். இப்போது அந்த மனுவைக் காணோம் என்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

அப்புறம் ஒன்று. பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். நூலகம் முடிந்தது, லேப் முடிந்தது (உடைந்த ஒரு பிப்பெட்டுக்குப் பணம் கட்டினேன்), என்.எஸ்.எஸ். முடிந்தது. மாணவர் பேரவைக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. ஆனால் கூட்ட நடவடிக்கை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாக் குழு போன பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். இந்த முறை ரசீது வேண்டும்.

இப்படிக்கு,
மாணவர் பேரவைச் செயலாளர் (நியமனம்)
வேதியியல் மூன்றாமாண்டு, ஷிப்ட் 1