போடி ரயிலும் ஆஜிகானும்

ஃபுஜிசாவா
ஜப்பான்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். அம்மா கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார் என்றதும் மனசு லேசாகிவிட்டது. இங்கே புதிதாக ஒன்றுமில்லை. இவருக்கு மறுபடி நைட் ஷிஃப்ட். வெண்டைக்காயைப் பத்துப் பத்தாக வலைப்பையில் போட்டு விற்கிறார்கள், சாம்பாரில் போடவே மனசு வரவில்லை.

கடைசி மெசேஜில் உன் மகன் பேசியிருந்தானே, "சித்தி, நருட்டோவுல பாடுற பேண்டோட வேற நல்ல பாட்டு சொல்லுங்க" என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நருட்டோ கார்ட்டூனில் பாடுகிற அந்த பேண்டின் பெயர் ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன். பெயரைப் பார்த்து மிரளாதே, சண்டைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. யோகோஹாமாவில் காலேஜில் படிக்கும்போது 1996இல் சேர்ந்த நாலு பேர். இன்றைக்கும் அதே நாலு பேர்தான். இங்கே சுருக்கி 'ஆஜிகான்' என்பார்கள்.

அவன் கிட்டாரில் தட்டிக்கொண்டிருப்பது 2002இல் வந்த 'ஹருகா கனாட்டா'வாகத்தான் இருக்கும். முதலில் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக ஓடிவரும், அப்புறம்தான் மற்றவர்கள் வந்து மேலே விழுவார்கள். அந்தப் பேஸை முதலில் கவனிக்கச் சொல். 'ரீரைட்' அவனே தேடிப் பிடித்திருப்பான், விடு. 'சோலனின்'தான் நான் அவனுக்கு எடுத்துக் கொடுக்க நினைப்பது. அது முதலில் ஒரு மாங்காவுக்குள், அதாவது ஜப்பானியப் படக்கதைக்குள், வெறும் வரிகளாக அச்சானது. எழுதியது இனியோ அசானோ என்ற ஓவியர். மெட்டு என்னவென்று வாசகர்கள் அவரவர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2010இல் அந்தக் கதை சினிமாப் படமானபோது இவர்கள் மெட்டுப் போட்டார்கள். பாடுகிற கோட்டோவின் குரல் எனக்கு எடுத்த எடுப்பில் பிடிக்கவில்லை. தொண்டை அடைத்தவன் கத்துகிற மாதிரி இருந்தது. இப்போது அந்த அடைப்பு இல்லாமல் கேட்டால்தான் சப்பென்று இருக்கிறது.

ஆனால் உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பும் எனோடென் ரயிலுக்கு இவர்கள் ஒரு ஆல்பமே போட்டிருக்கிறார்கள்! 'சர்ஃப் புங்காகு காமாகுரா', 2008. பாட்டுக்கு ஒரு ஸ்டேஷன். ஃபுஜிசாவாவில் ஏறி காமாகுராவில் இறங்குகிற வரிசையிலேயே பாட்டுகளும் வரும். மொத்தம் பத்துக் கிலோமீட்டர், ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்காக நின்று நின்று போகும். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 1,067 மில்லிமீட்டர், நம்ம பழைய மீட்டர்கேஜைவிட நாலு விரல் அகலம்தான் கூட. கைநீட்டினால் மாடியில் காய்கிற துணியைத் தொடலாம் போல வீடுகளை ஒட்டிப் போகிறது. எனோஷிமா தாண்டியதும் நடுரோட்டில் இறங்கிவிடும், கார்களெல்லாம் ஒதுங்கி நிற்கும். கொஷிகோயேவை விட்டதும் சட்டென்று கடல்.

ஒருநாள் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அந்தந்தப் பாட்டையே கேட்பது என்று ஏறினேன். நடக்கவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போதே ரயில் அடுத்த ஸ்டேஷனில் நிற்கிறது. அதனால் 'எனோஷிமா எஸ்கா' பாட்டுக்காக இறங்கியே விட்டேன். எஸ்கா என்பது எனோஷிமா தீவில் மலையேறக் காசு கொடுத்துப் போகிற எஸ்கலேட்டர். ஏற மட்டும்தான். இறங்குவது உன் பாடு, உன் முட்டியின் பாடு. அம்மாவிடம் சொல்லாதே.

பதினைந்து ஸ்டேஷனில் பத்துக்குத்தான் அப்போது பாட்டு. மிச்ச ஐந்தும் பதினைந்து வருஷம் காத்திருந்து, 2023 ஜூலையில் பதினைந்தும் சேர்ந்து முழு ஆல்பமாக வந்தது. புதிதாகச் சேர்த்ததில் இரண்டு பாட்டில் ஸ்டேஷனின் பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், நிஷிகாட்டா என்றும் ஹிசாகா என்றும். இப்போது போர்டில் அந்தப் பெயர்கள் இல்லை. முதலில் 'ஃபுஜிசாவா லூசர்' கேள், அப்புறம் 'காமாகுரா குட்பை'. நடுவில் உள்ளதை உன் மகன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் ஷஃபிளில் போடவேண்டாம் என்று சொல். ரயில் ஷஃபிளில் போகுமா?

கேட்கக் கேட்க நம்ம போடி ரயில்தான் ஞாபகம் வந்தது. ஆண்டிபட்டியில் ஏறி, கணவாயில் வண்டி மூச்சு வாங்குகிற நேரத்தில் நீ ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து முடித்துவிடுவாய். அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டு இத்தனை வருஷம் கழித்து, போடி வரைக்கும் ரயில் திரும்ப வந்ததும் அதே 2023தான், ஜூன் மாதம். அந்த ஆல்பத்துக்கு ஒரு மாசம் முந்தி. நீ இன்னும் ஏறவில்லை, பஸ்ஸில்தான் போகிறேன் என்கிறாய். ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு மதுரை வரை போய் வா. கணவாயில் இப்போதும் மெதுவாகப் போகிறதா, இல்லை பறக்கிறதா என்று எழுது.

உன்,
வசந்தி