முதலாளி மாறலாம், உதிரிபாகம் மறையக் கூடாது: ஸ்டெல்லாண்டிஸுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத் தலைவர் ஜான் எல்கான், தலைமைச் செயல் அதிகாரி அந்தோனியோ ஃபிலோசா, இயக்குநர் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

ஜீப், டாட்ஜ், ராம், கிறைஸ்லர் நான்கும் அமெரிக்கப் பெயர்கள். அவற்றை நடத்தும் உங்கள் நிறுவனம் நெதர்லாந்தில் பதிவானது. பெரிய பங்கு இத்தாலியக் குடும்பம் ஒன்றிடமும், அடுத்தடுத்த பங்குகள் பெஜோ குடும்பத்திடமும் பிரெஞ்சு அரசு வங்கியிடமும் இருக்கின்றன. இதில் எங்களுக்குப் புகார் இல்லை. யார் வீட்டுப் பணமானால் என்ன, வண்டி ஓடினால் சரி என்பதுதான் பட்டறை நியாயம். எங்கள் புகார் வேறு. ஒவ்வொரு முதலாளியும் போகும்போது தன் உறுப்பு ஒன்றை வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகிறார். அதற்கு எந்த ஆயில், எவ்வளவு, எந்தக் கருவியால் அளப்பது, பாகம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டிய ஆளும் அவரோடு போய்விடுகிறார். வண்டி வாங்கியவர் மட்டும் மிச்சம்.

முதல் கதை ரெனோ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் காலத்தது. 1987இல் கிறைஸ்லர் வாங்குவதற்கு முன் ஜீப் அமெரிக்கன் மோட்டார்ஸ் கையில் இருந்தது. அந்த நிறுவனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ரெனோவுடையது. அந்தக் கூட்டில் பிறந்த செரோக்கி எக்ஸ்ஜே அருமையான வண்டி. ஆனால் 1987 முதல் 1990 வரையிலான 4.0 லிட்டர் எஞ்சினுக்கு ரெனிக்ஸ் என்ற ரெனோ–பெண்டிக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி போட்டார்கள். எஞ்சின் கோளாறு விளக்கு அதில் கிடையாது. இன்றைய ஸ்கேனர் எதுவும் அதோடு பேசாது. அதனால் இப்போதும் மல்டிமீட்டர்தான் வைத்தியர். ஆயில் டிப்ஸ்டிக் குழாய் பக்கத்து ஸ்டட்டில் வந்து சேரும் எர்த் வயர்களைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து மாட்டினாலே பாதி நோய் தீர்ந்துவிடும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் கிராங்க் சென்சார் கனெக்டரில் மீட்டரை வைத்துச் சுற்றிப் பாருங்கள், 0.5 ஏசி வோல்ட் வராவிட்டால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். அதே ஆண்டுகளில் கூலிங்குக்கு ரேடியேட்டரில் மூடியே கிடையாது. அழுத்தம் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தாங்கியது. சூட்டில் அது வெடிப்பு விட்டால் அழுத்தம் போகும், எஞ்சின் கொதிக்கும். 1991இல் கிறைஸ்லர் அதைத் தூக்கிவிட்டு மூடியுள்ள ரேடியேட்டர் வைத்தது. பழைய வண்டிக்காரர்களும் அந்த ரேடியேட்டரையும் அதற்குரிய சாதாரண பாட்டிலையும் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

1987இலிருந்து 1989 வரை அந்தச் செரோக்கியில் வந்த மேனுவல் கியர்பாக்ஸ்களில் பெஜோ தயாரித்த பிஏ-10/5 உண்டு. அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும்: நிலக்கடலைத் தோல் போல நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும் அலுமினியக் கூடு. 4.0 எஞ்சினின் இழுவைக்கு அது பற்றாது. 1989இலேயே ஜப்பானின் ஐசின் தயாரித்த ஏஎக்ஸ்-15 அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பெஜோ கியர்பாக்ஸைத் திறந்து செலவழிப்பதைவிட ஏஎக்ஸ்-15க்கு மாறுவதே மேல். மாற்றும்போது கிளட்ச் டிஸ்க், பைலட் பேரிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மூன்றையும் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். அதே பெஜோவின் வீட்டார் இன்று உங்கள் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உலகம் சின்னது என்பதற்குச் சாட்சி.

அடுத்தது மெர்சிடிஸ் கார் செய்யும் ஜெர்மன் நிறுவனமான டைம்லர். 1998இல் சம பங்காளிகளின் இணைப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்; 2007இல் 80.1 விழுக்காட்டை செர்பரஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போனவற்றில் முக்கியமானது மெர்சிடிஸ் 722.6 என்ற ஐந்து வேக ஆட்டோமேட்டிக். கிறைஸ்லர் அதற்கு வைத்த பெயர் என்ஏஜி1. கிறைஸ்லர் 300, டாட்ஜ் சார்ஜர், மேக்னம், 2005க்குப் பிந்தைய கிராண்ட் செரோக்கி சிலவற்றில் அது இருக்கிறது. கியர்பாக்ஸ் கெட்டி. ஆனால் அதன் பக்கவாட்டில் 13 முனை மின் கனெக்டர் செருகும் பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. அதன் இரண்டு ஓ-ரிங்குகள் சுருங்கினால் ஆயில் வயருக்குள்ளேயே ஏறி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். வண்டி இரண்டாம் கியரில் சிக்கிக்கொள்ளும். பலர் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். முதலில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, முனையில் ஆயில் பசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரே போல்ட்டில் நிற்கும் அந்த உறையை மாற்றி, வயர் முனைகளை எலெக்ட்ரிக்கல் க்ளீனரால் கழுவிவிட்டு, பிறகு முடிவுசெய்யுங்கள்.

அந்தக் கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் தரவில்லை. குழாய் இருக்கிறது, மூடி இருக்கிறது, உள்ளே குச்சி இல்லை. டீலரிடம் உள்ள அளவுகோலைச் செருகி, ஆயில் சூட்டையும் அட்டவணையையும் ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும். சுமார் 80 டிகிரி செல்சியஸில் பார்ப்பது நம்பகமானது. ஆறிய நிலையில் பார்த்து ஊற்றினால் சூடான பிறகு அளவு மிஞ்சி நுரைக்கும். மெர்சிடிஸ்காரர் அதே கியர்பாக்ஸுக்குத் தன் ஆயிலைச் சொல்கிறார், கிறைஸ்லர் ஏடிஎஃப்+4 என்ற தன் ஆயிலைச் சொல்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள், வண்டிக் கையேட்டில் உள்ளதே சட்டம்.

2007, 2008 கிராண்ட் செரோக்கி டீசலில் இருக்கும் ஓஎம்642 எஞ்சினும் மெர்சிடிஸுடையதுதான். ஆயில் கூலர் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுப்பள்ளத்தில் படுத்திருக்கிறது. அதன் சீல் இறுகினால் ஆயில் பள்ளம் வழியே பின்னோக்கி ஓடி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பின்பக்க கிராங்க் சீல் என்று நினைத்துக் கியர்பாக்ஸை இறக்குபவர்கள் உண்டு. மேலே டார்ச் அடித்துப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு இறக்கியிருந்தால் ஒரு நாள் கூலி மிச்சம். சீலின் விலை சொற்பம். அதை அடைய டர்போவையும் இன்டேக்கையும் கழற்றும் கூலிதான் கொல்லும்.

வெளிநாட்டு முதலாளி என்றாலே கேடு என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 2009 ஏப்ரல் 30 அன்று கிறைஸ்லர் திவால் மனு கொடுத்தபோது அதன் முதலாளி அசல் அமெரிக்கர். மெர்சிடிஸ் எம்எல் காரோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட 2011 கிராண்ட் செரோக்கி, ஜெர்மானியர்கள் போன பிறகும் பத்தாண்டு நிறுவனத்துக்குச் சோறு போட்டது. திவாலான கிறைஸ்லரை எடுத்து நடத்த இத்தாலியின் ஃபியட் தலைவர் மார்க்கியோன்னே வராவிட்டால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அந்த ஃபியட் காலத்து ஆயில் கதைதான் எங்களை அதிகம் உறுத்துகிறது. மல்டிஏர் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வைத் திறப்பது ஆயில் அழுத்தம். ஆகவே ஆயில் அங்கே வெறும் மசகு மட்டுமல்ல, அதுவே இயந்திரத்தின் ஒரு பாகம். 1.4 டர்போவுக்கு 5டபிள்யூ-40 தர ஆயில், 2.4 லிட்டர் டைகர்ஷார்க் எஞ்சினுக்கு 0டபிள்யூ-20, சுமார் 5.2 லிட்டர். ஒரே ஜீப் ரெனகேட் மாடலில் இரண்டு எஞ்சினும் வந்ததால் ஒன்றின் ஆயிலை மற்றதில் ஊற்றுவது சாதாரணமாக நடக்கிறது. மல்டிஏர் அலகின் சிறு வடிகட்டி அடைத்தால் ஒரு சிலிண்டர் உதைக்கும். காயில், ப்ளக் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். டைகர்ஷார்க் ஆயில் குடிக்கும் என்ற வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு ஆயிரம் மைலுக்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரியட்டும் என்று காத்திருந்தால், விளக்கு எரியாமலே எஞ்சின் நின்றுபோகும்.

இத்தாலியின் செந்தோவில் விஎம் மோட்டோரி செய்த 3.0 லிட்டர் எக்கோடீசல் எஞ்சின் இன்னொன்று. 2014 முதல் 2016 வரையிலான கிராண்ட் செரோக்கி, ராம் 1500 சுமார் 1,04,000 வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டு மென்பொருள் விவகாரம் 2019இல் ஏறத்தாழ 80 கோடி டாலர் சமரசமாயிற்று. அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது: முதலில் 5டபிள்யூ-30 ஊற்றச் சொல்லிவிட்டு, பின்னர் பழைய வண்டிகளுக்கும் சேர்த்து 5டபிள்யூ-40 என்று மாற்றியது. அறிவிப்பு டீலருக்குப் போனது. கையுறைப் பெட்டியில் பழைய கையேட்டை வைத்திருக்கும் இரண்டாம் கை உரிமையாளர் இன்னும் 5டபிள்யூ-30தான் ஊற்றுகிறார். கிராண்ட் செரோக்கிக்கு 7.7 லிட்டர், ராமுக்கு 9.9, இரண்டையும் குழப்புபவர்களும் உண்டு.

இப்போது, ஃபியட் கிறைஸ்லரும் பெஜோ குழுமமும் 2021இல் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆன உங்கள் காலத்துக்கு வருவோம். டாட்ஜ் ஹார்னெட் என்று விற்றீர்களே, அது நேப்பிள்ஸ் அருகே பொமிலியானோவில் செய்த ஆல்ஃபா ரோமியோ டொனாலே. 2023 முதல் 2025 வரை மூன்றே மாடல் ஆண்டுகள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 விழுக்காடு வரி போட்டதும் அதன் கணக்கு உதைத்துவிட்டது. டாட்ஜ் பெயரை நம்பி வாங்கியவருக்கு முன் பம்பரும் விளக்கும் எந்த நாட்டுக் கிடங்கிலிருந்து வரும்? இத்தாலியின் மெல்ஃபியிலிருந்து வந்த ரெனகேட், துருக்கியின் புர்சாவிலிருந்து வந்த ராம் ப்ரோமாஸ்டர் சிட்டி ஆகியவற்றின் உரிமையாளர்களும் இதே கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

வாங்குபவர்கள் கவனிக்க: வண்டியின் அடையாளமான 17 எழுத்து வின் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, இத்தாலிக்கு இஸட். புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய தாளில் அமெரிக்க–கனடியப் பாகங்களின் விழுக்காடு, எஞ்சின், கியர்பாக்ஸ் எந்த நாடு என்பதும் சட்டப்படி இருக்கும். அந்த விழுக்காடு அந்த மாடல் வரிசை முழுமைக்குமான சராசரிதான். நீங்கள் வாங்கும் அந்த ஒரு வண்டிக்கு அல்ல.

ஜீப்பின் 4எக்ஸ்இ என்ற, சார்ஜும் பெட்ரோலும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டிகளின் பேட்டரிக்கு 2024இல் ஒரு திரும்பப்பெறல், 2025 நவம்பரில் சுமார் 3,20,000 வண்டிகளுக்கு இன்னொன்று. முன்பே சரிசெய்தவையும் மீண்டும் அதில் வந்தன. சார்ஜ் செய்யாதே, கட்டடத்தை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்து என்கிறீர்கள். மின்சாரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர் பெட்ரோலிலேயே ஓட்டும் மாதங்களுக்கு என்ன ஈடு என்று ஒரு வரி எழுதுங்கள்.

இனி நாங்கள் கேட்பது.

உற்பத்தி நிறுத்திய ஒவ்வொரு மாடலுக்கும், எந்தப் பாகம் எந்தத் தேதி வரை கையிருப்பில் இருக்கும் என்ற பட்டியலை வெளியிடுங்கள். திரும்பப்பெறல் பழுதை முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை இலவசமாகச் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆகியவற்றுக்காவது அதே 15 ஆண்டை எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆல்ஃபா, ஃபியட் பாக எண்ணையும் டாட்ஜ், ஜீப் எண்ணையும் அருகருகே போட்டு ஓர் அட்டவணை கொடுங்கள். ஒரே பாகத்தை இரண்டு பெயரில் இரண்டு விலைக்கு வாங்கும் கொடுமை குறையும்.

ஆயில் தரம் மாறினால் டீலருக்கு மட்டுமல்ல, திரும்பப்பெறல் கடிதம் போவதுபோலப் பதிவிலுள்ள உரிமையாளருக்கே கடிதம் போக வேண்டும்.

2018 மாடல்களிலிருந்து வண்டியின் கணினிக்குள் வெளியாள் நுழையாமல் தடுக்கும் பாதுகாப்பு கேட்வே என்ற மின்னணுப் பூட்டை வைத்திருக்கிறீர்கள். 2015இல் ஆய்வாளர்கள் ஒரு செரோக்கியைத் தொலைவிலிருந்தே முடக்கிக் காட்டிய பிறகு அதன் தேவை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வெளிப் பட்டறைக்காரர் ஒரு கோளாறு எண்ணை அழிக்கக்கூட இணையத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. நாளை இந்தப் பெயரை வேறொருவருக்கு விற்றால் அந்த அனுமதியை யார் தருவார்? ரெனிக்ஸ் பெட்டியாவது மல்டிமீட்டருக்குப் பதில் சொன்னது. விற்பனை ஒப்பந்தத்திலேயே அனுமதி தரும் அந்தச் சர்வரை, பெயரை வாங்குபவர் தொடர்ந்து நடத்த வேண்டும், முடியாவிட்டால் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

உத்தரவாதமும் அப்படியே. திவாலுக்குப் பின் 2009 ஜூனில் புதிய கிறைஸ்லர் நிறுவனம் பொறுப்பேற்றபோது, பழைய வண்டிகளில் இனி நேரும் விபத்துகளுக்குப் பொறுப்பில்லை என்றுதான் முதலில் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு ஆகஸ்டில்தான் ஏற்றுக்கொண்டார்கள். 789 டீலர்களின் ஒப்பந்தமும் அப்போது போயிற்று. 2007இல் அறிவித்த வாழ்நாள் பவர்டிரெய்ன் (எஞ்சின், கியர்பாக்ஸ்) உத்தரவாதத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த தேதியை ஒட்டிய 60 நாளுக்குள், டீலரிடம் சோதனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. டீலரையே மூடிவிட்டு அந்த 60 நாளை எண்ணுவது எந்த ஊர் நியாயம்? அந்த உத்தரவாதத்தை இன்றும் வைத்திருப்பவர்களுக்கு, அருகில் எந்த டீலரிடம் சோதனை செய்யலாம் என்பதைத் தேதிக்கு முன்பே நீங்களாகக் கடிதம் போட்டுச் சொல்லுங்கள்.

2018இல் அமெரிக்காவில் 22 லட்சத்துக்கு மேல் விற்ற நிறுவனம் 2024இல் 13 லட்சத்தில் நின்றது. விலையேற்றமும் ஆட்குறைப்பும் பற்றி உங்கள் டீலர்கள் அந்த ஆண்டே பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டார்கள். அதை நாங்கள் திரும்பச் சொல்லவில்லை. இல்லினாய்ஸின் பெல்விடியர் ஆலையை மீண்டும் திறப்பது உள்பட அமெரிக்காவில் 1300 கோடி டாலர் போட வருகிறீர்கள் என்பதும் நல்ல சேதிதான். அந்தப் பணத்தில் பாகக் கிடங்குக்கு எவ்வளவு என்று மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பதிலை ஹார்னெட் பட்டியலிலிருந்து தொடங்கினால் போதும். அதுதான் இப்போது பட்டறை வாசலில் நிற்கிறது.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவர்களும் ஓட்டுபவர்களும்