அந்த இசைத்தட்டுக்காகத் தந்தியைத் தளர்த்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் மறைவையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், அவர் பாடிய 'பிளாக் சப்பாத்' ராக் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு அத்தனை கனமாக ஒலிக்கக் காரணம், அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தன் கிட்டாரின் ஸ்ருதியை இறக்கி வாசித்ததுதான் என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. கிட்டார் பழகும் பிள்ளைகள் பலர் இதை நம்பித் தந்திகளைத் தளர்த்திக் கருவியைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று பிரிட்டனில் வெளியான அந்தத் தட்டு வழக்கமான ஸ்ருதியில் பதிவானது. ஆறாம் தந்தி, அதாவது மிகத் தடித்த தந்தி, 'ஈ'; நம் கர்நாடக இசைக் கணக்கில் மூன்று கட்டை. அங்கிருந்து மூன்று அரை ஸ்வரம் இறங்கி ஒன்றரைக் கட்டைக்கு அயோமி வந்தது 1971-இல் வெளியான மூன்றாம் தட்டான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான். பிற்காலத்தில் பழைய பாடல்களையும் மேடையில் இறக்கிய ஸ்ருதியிலேயே வாசித்தார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பழகுவதால்தான் இந்தக் குழப்பம். சந்தேகம் இருப்பவர்கள் ஸ்ருதி சேர்த்த கிட்டாரை வைத்துக்கொண்டு, 'என்.ஐ.பி.' பாடலை ஓடவிட்டு, எந்த ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி) அழுத்தாமல் ஆறாம் தந்தியை மீட்டிப் பார்க்கலாம். அப்படியே ஒட்டிக்கொள்ளும். வினைல் தட்டில் கேட்டால் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: டர்ன்டேபிளின் பெல்ட் தொய்ந்து வேகம் 6 சதவீதம் குறைந்தால் ஸ்ருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் இறங்கிவிடும்.

கடையில் வாங்கும் 9–42 தந்திகளை (அங்குலத்தில் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு தடிமன்) மூன்று அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைகிறது. தந்தி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கும். அழுத்தி மீட்டினால் ஸ்வரம் முதலில் மேலே ஏறிப் பிறகுதான் நிலைக்கு வரும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் இழுப்புக்கு எதிரே தந்தியின் இழுப்பு போதாமல் கழுத்து பின்பக்கம் வளையும். முதல் மூன்று நான்கு ஃப்ரெட்டுகளில் கரகரப்பு அதிகமாவது இதனால்தான். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கும் கிட்டாரென்றால் பிரிட்ஜே உள்ளே அமுங்கிவிடும். உண்மையிலேயே ஒன்றரைக் கட்டை தேவைப்படுகிறவர்கள் 11 அல்லது 12-இல் தொடங்கும் தடித்த தந்திகளை மாட்டி, கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதியும் நட்டின் பள்ளங்களை அதற்கேற்ப அராவி, கழுத்துக் கம்பியை ஒரு நேரத்தில் கால் திருகுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்து, பிரிட்ஜில் ஸ்வரசுத்தத்தை மறுபடி அமைக்க வேண்டும். முதல் தட்டை வாசிக்க இவற்றில் ஒன்றும் தேவையில்லை.

அயோமியின் தந்திகளோ மிக மெல்லியவை. பதினேழு வயதில், பர்மிங்காம் தகரப் பட்டறையில் வேலையின் கடைசி நாளன்று, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைக்காரர், ஃப்ரெட்டை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். அன்று மெல்லிய கிட்டார் தந்தி கிடைக்காததால் மேல் ஸ்வரம் தரும் இரண்டு தந்திகளுக்கு பாஞ்சோ தந்தி போட்டார்.

அப்படியானால் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? கிப்சன் எஸ்ஜி கிட்டாரில் பி-90 பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்). (பதிவைத் தொடங்கியது ஃபெண்டர் ஸ்ட்ராட்டில், 'விக்கெட் வேர்ல்ட்' முடிந்ததும் அதன் பிக்கப் பழுதாகிவிட்டது.) அதற்கு அடுத்து ட்ரெபிளை, அதாவது மேல் ஒலியை, கூட்டித் தரும் ரேஞ்ச்மாஸ்டர் பெட்டி, கடைசியில் 100 வாட் லேனி வால்வு ஆம்ப் (ஒலிபெருக்கி). கவனியுங்கள், கூட்டப்பட்டது ட்ரெபிள், பேஸ் அல்ல. பேஸைத் தூக்கி வைத்தால் ஆம்பில் முதலில் உடைவது அந்தக் கீழ் ஒலிதான். எல்லாம் சேறாகக் குழம்பிவிடும். அடித்தளத்தை கீசர் பட்லரின் பேஸ் கிட்டார் தருகிறது. கிட்டார் வாசிக்கும் அதே வரியை அவர் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்து வாசிக்கும்போது இரண்டும் ஒரே ராட்சதக் கருவியாகக் கேட்கிறது. வீட்டில் முயல்பவர்கள் ஆம்பில் பேஸை 3, மிடிலை (நடு ஒலி) 7, கெயினை (ஒலியை உடையவைக்கும் அளவு) 5 என்று வைத்துத் தொடங்கலாம். கெயினை முழுக்கத் திருப்பினால் மீட்டலின் முனை மழுங்கி, பில் வார்ட் டிரம்ஸில் விட்டுவைக்கும் இடைவெளிகளெல்லாம் அடைபட்டுப்போகும்.

முதல் பாடலின் அந்த மூன்று ஸ்வரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி, மேல் ஸ்தாயி ஜி, பிறகு சி ஷார்ப். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் மூன்றாவது நம் பிரதி மத்யமம். கல்யாணியில் தினமும் கேட்கும் ஸ்வரம்தான். அதில் இயல்பாகவே பயமுறுத்தும் குணம் ஒன்றும் கிடையாது. கல்யாணியில் அது பஞ்சமத்தைத் தொட்டு நமக்கு நிம்மதி தரும். அயோமி அதைப் பஞ்சமத்துக்குப் போகவிடாமல் அங்கேயே நடுங்க வைத்து நிறுத்துகிறார், அதுவும் அத்தனை மெதுவாக. பயம் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வாசித்துப் பாருங்கள், பாட்டே போய்விடும்.

தொடக்கத்தில் கேட்கும் மழையும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை. மற்றபடி 1969 அக்டோபரில், லண்டன் ரீஜெண்ட் சவுண்ட் ஸ்டுடியோவில், நான்கே டிராக்கில், மேடையில் வாசிப்பதுபோல் கூடி நின்று ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள்.

கட்டுரையின் இணையப் பதிப்பில் அந்த ஒரு வரியையாவது திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்