12 கிலோ ஸ்பிறிங்குக்குக் காசு கட்டாதை

கோண்டாவில்

அன்பின் மச்சான்,

பங்குனிக்குப் பிறகு உனக்கு ஒரு வரியும் எழுதேல்லை, மன்னிச்சுக்கொள். அம்மா சுகம். மூத்தக்காவின்ரை வீடு கூரை மட்டும் எழும்பீட்டுது. மிச்சப் புதினமெல்லாம் நீ நல்லூருக்கு வரேக்கை.

இப்ப அவசரமா எழுதுறது உன்ரை ஸ்பிறிங்குக்காக. முன்னுக்கு 12 கிலோ, அதாவது ஒரு மில்லிமீற்றர் அமர 12 கிலோ பாரம் வேண்டிய ஸ்பிறிங், பின்னுக்கு 10 கிலோ ஓடர் போடப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறுடா. கட்டுக்குருந்தைப் பந்தயத் தளத்திலை ஓடப்போற அதே ரோட்ஸ்டர் காரிலைதானே ஏ9 றோட்டாலை வீட்டுக்கும் வரப்போறாய்? ரயரும் றோட்டு ரயர்தான்.

வளைவிலை கார் சரியுது, அதாலை இறுக்கவேணும் எண்டுறாய். சரிவு வேறை, பாரம் மாறுறது வேறை. உள்பக்கச் சில்லிலை இருந்து வெளிப்பக்கச் சில்லுக்கு மொத்தமா எவ்வளவு பாரம் போகும் எண்டதைக் காரின்ரை எடையும், ஈர்ப்பு மையத்தின்ரை உயரமும், சில்லுகளின்ரை இடை அகலமும், நீ எவ்வளவு வேகமா வளைக்கிறாய் எண்டதும்தான் முடிவுசெய்யும். ஸ்பிறிங்கை இறுக்கினால் சரிவு குறையும், அந்தப் பாரம் குறையாது. முன்னுக்கும் பின்னுக்கும் அது எப்பிடிப் பங்கு பிரியுது எண்டதை மட்டும்தான் மாத்தலாம்.

முதல் அளந்து பார். ஸ்பிறிங்கைக் கழட்டிப்போட்டு, ஜாக்கியாலை சில்லை 50 மில்லிமீற்றர் தூக்கு. அப்ப சொக், ஸ்பிறிங்கின்ரை ஆட்டத்தை அடக்குற அந்தக் குழாய், எவ்வளவு உள்ளை போகுது? 35 எண்டு வந்தால் விகிதம் 0.7. அதைத் திரும்ப அதாலையே பெருக்கினால் 0.49. அதாவது நீ 7 கிலோ ஸ்பிறிங் போட்டால் சில்லு உணருறது மில்லிமீற்றருக்கு 3.4 கிலோதான். ஆக்கள் கோட்டை விடுற இடம் இதுதான். மற்றவன்ரை காருக்குச் சரிவந்த எண்ணை, விகிதம் வேறையான தன்ரை காருக்குப் பூட்டிப்போட்டுப் பிறகு ஸ்பிறிங் கொம்பனியைத் திட்டுறது. பின்பக்கத்தைத் தனியா அள, முன்பக்க விகிதத்தை அங்கை போடாதை.

பிறகு நீ ஏறி இருக்க ஒவ்வொரு சில்லையும் தராசிலை நிறு. 265 கிலோ வந்தால் சில்லு, ரயர், பிறேக், சில்லைத் தாங்குற கை எல்லாத்துக்கும் 35 கழி. மிச்சம் 230ஐத்தான் ஸ்பிறிங் சுமக்குது. அந்தக் கணக்கிலை 7 கிலோ ஸ்பிறிங் ஏறத்தாழ 1.9 ஹேர்ட்ஸ், அதாவது கார் செக்கனுக்கு 1.9 தரம் மேலும் கீழும் ஆடும், 10 கிலோ 2.3, 12 கிலோ 2.5. சாதாரண றோட்டுக் கார் 1 தொடக்கம் 1.5க்குள்ளை நிக்கும். றோட்டு ரயரோடை றோட்டு, பந்தயம் ரெண்டுக்கும் ஓடுற காருக்கு 1.8 தொடக்கம் 2.1 மட்டும் போதும். 2.5 எண்டது வெட்டில்லாத பந்தய ரயர், அந்தச் சிலிக் ரயர் போட்டு, நல்ல சமனான தளத்திலை மட்டும் ஓடுற காருக்கு. மேடுபள்ளத்திலை அவ்வளவு இறுக்கம் இருந்தால் சில்லு தளத்தோடை சேர்ந்து போகாமல் துள்ளும். துள்ளுற நேரம் ரயருக்குப் பிடி இல்லை.

என்ரை உண்மையான பயம் பம்ப் ஸ்ரொப் றப்பரிலை, சொக் முழுக்க உள்ளை போகாமல் மறிக்கிற அந்த றப்பர். உன்ரை காருக்கு அச்சுக்கு அச்சு 2265 மில்லிமீற்றர். எடை உன்னோடை 1050, மையம் 45 சென்ரிமீற்றர் உயரம் எண்டு வை. 1 ஜீயிலை, அதாவது புவியீர்ப்பு அளவு விசையோடை, பிறேக் அடிச்சால் முன்சில்லு ஒண்டுக்கு 104 கிலோ கூடும். 7 கிலோ ஸ்பிறிங்கிலை அது சில்லிலை 30 மில்லிமீற்றர், சொக்கிலை 21. கையின்ரை அமைப்பு அதிலை கொஞ்சத்தைக் குறைக்கும், ஆனால் தளத்து மேடும் சரிவும் அதுக்கு மேலாலை வரும். நீ காரைப் பதிச்சு வைச்சு, றப்பருக்கு 15 மில்லிமீற்றர்தான் இடம் எண்டால், பிறேக்கோடை வளைவுக்குள்ளை போகேக்கை றப்பரிலை முட்டும். அந்தக் கணத்திலை 7 கிலோ ஸ்பிறிங் 30, 40 கிலோ ஸ்பிறிங் மாதிரி ஆகிடும். முன்பக்கம் வழுக்கி வெளியாலை போகும். நீ அதை “ஸ்பிறிங் மெதுமை” எண்டு நினைச்சு இன்னும் இறுக்குவாய். உன்ரை கார் இப்ப செய்யிறது இதுதான் எண்டு சந்தேகப்படுறன்.

கண்டுபிடிக்கிறது சுகம். சொக் தண்டிலை ஒரு கேபிள் ரையை இறுக்கிக் கட்டி, சொக்கின்ரை உடம்போடை முட்ட இறக்கிவிட்டு ஓடு. திரும்பி வந்து அது எங்கை நிக்குது எண்டு பார். றப்பர் தொடுற இடம் மட்டும் வந்திருந்தால் காரை 10 மில்லிமீற்றர் உயர்த்து, பிறகு ஸ்பிறிங்கைப் பற்றிக் கதைப்பம்.

சொக்கும் ஒத்துவரவேணும். ஸ்பிறிங்கை ரெண்டு மடங்காக்கினால் சொக்கின்ரை தடுப்பு 1.4 மடங்கு வேணும். 6 கிலோவுக்கு உள்வால்வு வைச்ச சொக்கிலை 12ஐப் போட்டால், மேட்டாலை இறங்கின பிறகு கார் ரெண்டு மூண்டு தரம் ஆடும். சொக்கின்ரை தடுப்பைக் கூட்டுற குமிழைக் கடைசி மட்டும் திருப்பினாலும் அது நிக்குமெண்டு நம்பாதை. ஸ்பிறிங்கைத் தாங்குற வளையம், அந்தக் கொலரைச் சுத்தி இறுக்கினால் ஸ்பிறிங் கடினமாகும் எண்டு சந்திக் கராஜ் அண்ணை சொல்லுவார். பாவம், நல்ல மனிசன். ஆனால் எவ்வளவு அமத்தினாலும் ஒரே இறுக்கமா இருக்கிற நேர் ஸ்பிறிங்கிலை அது உயரத்தை மட்டும்தான் மாத்தும்.

நான் எண்டால் முன்னுக்கு 7, பின்னுக்கு அளந்த விகிதத்தை வைச்சு அதே ஹேர்ட்ஸ் வாற மாதிரி ஒண்டு. அதுக்குப் பிறகும் சரிவு கூட எண்டால் தடிச்ச அன்ரி-றோல் பார், இடம் வலம் சில்லுகளை இணைச்சுச் சரிவைத் தடுக்கிற கம்பி. முன்பக்கம் வழுக்கினால் பின்பாரை இறுக்கு, பின்பக்கம் வழுக்கினால் முன்பாரை. ஒரு நாளைக்கு ஒண்டை மட்டும் மாத்து. மழை பெய்தால் பாரைக் கொஞ்சம் தளர்த்திவிடு.

ரெண்டு விகிதமும், நாலு சில்லின்ரை எடையும், றப்பருக்கு எவ்வளவு இடம் எண்டதும் எழுதி அனுப்பு. அது வரைக்கும் கடைக்காரனுக்கு ஒரு சதமும் குடுக்காதை. கொடியேற்றத்துக்கு வரேக்கை கேபிள் ரையைக் கழட்டாமல் வா. ஏ9 அதை எவ்வளவு தள்ளியிருக்கு எண்டு ரெண்டு பேரும் குனிஞ்சு பார்ப்பம்.

அன்போடை,
உன்ரை மச்சான்