லாரி ஓட்டுநர்களுக்கு வெல்டிங்கும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் லாரி ஓட்டுநர்களுக்குச் சின்னப் பழுதுபார்ப்பும் வெல்டிங்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், “துவாஸிலிருந்து சாங்கி போனாலும் ஒரு மணி நேரம்தான், பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது, ஓட்டுநர் எதற்கு ஸ்பேனர் பிடிக்க வேண்டும்?” என்று லாரி வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் இலவசமாக இழுத்துப் போகும். ஆனால் அது அருகிலுள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடத்தோடு சரி. அதற்கு மேல் ஆகும் செலவும் தாமதமும் முதலாளி தலையில்தான். அப்படி நிற்கும் வண்டிகளில் பல, காலையில் சுற்றிவந்து பார்த்திருந்தாலே தப்பியிருக்கும்.

சக்கர நட்டிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் எதிரெதிர் நட்டுகளாக மறுபடி இறுக்க வேண்டும். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி ஏறி மிதித்தால் போல்ட் இழுபட்டு, ஓட்டத்தில் ஒடியும்.

காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடச் சோதனை போதும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்று நிரம்பியதும் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, எஞ்சினை நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். டிரெய்லர் இல்லாத தனி லாரியில், காற்றழுத்தமானியின் முள் ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு (அழுத்த அலகு) மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில் பிரேக்கின் காற்றுத் தொட்டியில் தண்ணீர் சேரும், வடித்துவிட வேண்டும். வடிக்கும்போது எண்ணெயும் சேர்ந்து வந்தால் காற்றை அடைக்கும் கம்ப்ரசரையும் அதன் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரையும் பட்டறையில் காட்டுங்கள். சக்கரத்தருகே உள்ள ஸ்பிரிங் பிரேக் சேம்பரை (பிரேக்கை இயக்கும் உருளைப் பெட்டி) மட்டும் ஓட்டுநர் கழற்றவே கூடாது. உள்ளே அழுத்தி வைத்த சுருள் தெறித்தால் ஆளே போய்விடுவார்.

வெல்டிங்குக்கு வருகிறேன். பக்கப்பலகையின் கீல் விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், நெகட்டிவ் முனை முதலில். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின் பிளக்கை எப்போது உருவ வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். எர்த் கிளாம்ப்பை (வெல்டிங் மின்சாரம் திரும்பும் கம்பியின் பிடி) வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். தூரத்தில் எங்கோ மாட்டினால், மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் குழிகுழியாக அரித்துவிடக்கூடும். சில வாரம் கழித்துப் பேரிங் இரையும்போது காரணம் யாருக்கும் தெரியாது.

விரிசலின் மேல் அப்படியே பூசுவதுதான் அடுத்த தவறு. விரிசலை வி வடிவத்தில் கிரைண்டரால் திறந்து, இரு முனையிலும் சிறு வெல்டிங் பொட்டு வைத்து, பிறகு நிரப்ப வேண்டும். 3.2 மில்லிமீட்டர் 6013 வகை வெல்டிங் ராடுக்கு 110 ஆம்பியர் அளவில் தொடங்கலாம். சரியாக ஓடும்போது எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் சீராகக் கேட்கும். ஆம்பியர் குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், வெல்டிங் கம்பளிப்பூச்சி மாதிரி மேலேயே படுத்திருக்கும், தட்டினால் பெயர்ந்துவிடும். கூடினால் ஓரம் அரித்து ஓட்டை விழும். துத்தநாகம் பூசிய இரும்பென்றால் பூச்சை உராய்த்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை அன்றிரவே குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைக்கும்.

எங்கே வெல்டிங் வைக்கக் கூடாது என்பதை இதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல், கீழ் விளிம்பில் வைத்தால் சூட்டில் இரும்பின் பலம் போய், அதன் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். அதிர்வைத் தாங்கும் கமான் பட்டையில் வைத்தால் கண்ணாடிபோல் முறியும். டீசல் தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், வெடிக்கும். டயர் மாட்டிய ரிம்மில் வைப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். காற்றை இறக்கியிருந்தாலும், சூட்டில் ரப்பர் வாயுவாக மாறி வெடிக்கும். அனுபவசாலிகள்கூட அலட்சியமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சிங்கப்பூரர்களுக்குத் திறன் பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இருக்கிறது. லாரி ஓட்டும் நம் தம்பிகளில் பலர் வேலை அனுமதியில் வந்தவர்கள், அவர்களுக்கு அது கிடையாது. ஆகவே நிறுவனங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். ஞாயிறு விடுப்பில் கைவைக்காமல், சம்பள நேரத்திலேயே மாதம் ஓர் அரைநாள் ஒதுக்குங்கள். 6 மில்லிமீட்டர் கழிவுத் தகடு, ஒரு பெட்டி ராடு, 10ஆம் எண் கருங்கண்ணாடி போட்ட முகமூடி, தோல் கையுறை, தீயணைப்பான், கூடவே தேர்ந்த வெல்டர் ஒருவர் இருந்தால் போதும். வைத்த வெல்டிங்கை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) மாட்டிச் சுத்தியலால் மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மடங்கியும் பிளக்காமல் நிற்கும்வரை ஓட்டுநர் வண்டியில் ராடு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
லாரி பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்,
ஜூரோங்