சாம்பல் சிமெண்டைக் கண்டு பயப்பட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். வேலூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இன்னமும் 'சாம்பல் கலந்த சிமெண்டா, வேண்டவே வேண்டாம்' என்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் கலப்படம் இல்லை. சிமெண்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கின்றன, அதனால் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியை அரிப்பது குறைகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கும்போது அஸ்திவாரத்துக்கு இதுதானே முதலில் வேண்டும்? ஒன்று மட்டும், இது மெதுவாகத்தான் வலுப்பெறும். நம்ம ஊர் வெயிலில் மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தினால் மேல்பரப்பு பொடியாக உதிரும். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரச் சாக்குப் போட்டு வைக்கும்படி மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், காட்பாடி